தீவு யாத்திரை

ஜெகதாப்பட்டினத்தில் படகேறி, தீவு தீவாகச் சுற்றி, மணலில் கூடாரமடித்து, சிக்கனமாய்த் திரும்ப நம்மிடம் யோசனை கேட்கிறார் ஒரு நேயர். ஆசை நல்லதுதான். ஆனால் பாக் ஜலசந்தியில் 1974-இல் எல்லைக்கோடு விழுந்தது. கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போயிற்று. ஆண்டுக்கொரு முறை, அந்தோணியார் திருவிழாவுக்கு இராமேசுவரத்திலிருந்து அனுமதி பெற்றுச் செல்லலாம். தெற்கே மன்னார் வளைகுடாத் தீவுகளோ 1986-இல் தேசியப் பூங்காவாயின. அங்கே கூடாரமடிக்க முடியாது.

நேயருக்கு நஷ்டம் ஒரு விடுமுறை. இவ்வூர் மீனவர் அந்தக் கோட்டைத் தாண்டினாலோ படகும் பறிபோகலாம், சிறைவாசமும் நேரலாம். ஆகையால் செலவில்லாத யோசனையொன்று சொல்லுகிறோம்: விடியற்காலையில் கரையில் நின்று, எல்லாப் படகுகளும் திரும்பிவிட்டனவா என்று அவ்வூராரோடு எண்ணிப் பாருங்கள். தீவு காணாத குறை தோன்றாது.