சாவிக்குள் ஒரு சாவி

இடுப்பில் கொத்துச் சாவி குலுங்கினால்தான் வீட்டுக்கு எஜமானி என்றிருந்த காலம் போய்விட்டது. இப்போது கைப்பையின் அடியில், சில்லறைக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் நடுவே கிடக்கும் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் வில்லைதான் சாவி. அதை ஓர் அழுத்து அழுத்தினால் தூரத்தில் நிற்கும் கார் கண் சிமிட்டுகிறது. நாலு கதவும் 'டக்'கென்று ஒரே சமயத்தில் திறக்கின்றன. 1982-இல் பிரான்ஸ் தேசத்து ரெனோ கம்பெனி இந்த வித்தையைக் காரில் வைத்து விற்கத் தொடங்கியபோது அது பணக்காரர் விளையாட்டு. இன்று சாதாரணக் குடும்பக் காரிலும் அது இருக்கிறது.

வேலை செய்கிற வரையில் அதைப் பற்றி நாம் நினைப்பதே இல்லை. மக்கர் செய்கிற அன்றைக்குத்தான், "ஐயோ, இதைப் பற்றி ஒன்றுமே தெரிந்து வைத்துக்கொள்ளவில்லையே!" என்று தோன்றும். தெரிந்துகொள்வது ஒன்றும் பிரமாதமில்லை, சகோதரிகளே. ரசம் வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது அதைவிடச் சுலபம்.

அந்த வில்லைக்குள் குடித்தனம் செய்வது ஒருவர் அல்ல, மூவர். முதலாவது, ஒரு குட்டி ரேடியோ. பித்தானை அழுத்தினால் காருக்குச் செய்தி அனுப்புவது அதுதான். அதற்குத்தான் பாட்டரி வேண்டும். இரண்டாவது, அரிசி மணி போன்ற ஒரு சிப். 'இது நம் வீட்டுச் சாவிதான்' என்று என்ஜினுக்கு அடையாளம் சொல்வது அதன் வேலை. அதற்குப் பாட்டரியே வேண்டாம்; கிட்டத்தில் போனால் கார் தருகிற மின்சாரமே போதும். மூன்றாவது, பழைய காலத்து இரும்புச் சாவி. சில கார்களில் அது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பித்தான் அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார்களில் பெரும்பாலும் வில்லைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். பக்கத்தில் உள்ள சின்னப் பிடியை நகர்த்தி இழுத்தால், கத்தி உறையிலிருந்து வருவதுபோல் வரும்.

பாட்டரி தீர்ந்தால் முதலாமவர்தான் படுத்துக்கொள்வார். மற்ற இருவரும் கல்லுக் குண்டாக இருப்பார்கள். இந்த ஒரு சங்கதி தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதைப் போன சித்திரை மாதம் எங்கள் பிளாட் வாசலில் பார்த்தேன்.

கீழ் வீட்டுப் பெண், ஒரு வயதுக் குழந்தையைப் பின் சீட்டில் உட்கார வைத்துப் பெல்ட்டை மாட்டினாள். அது சிணுங்கவே, கையில் சாவியைக் கொடுத்தாள். கதவைச் சாத்திவிட்டு, கீழே வைத்த பையை எடுக்கத் திரும்பினாள். 'டக்!' குழந்தை பித்தானை அழுத்திவிட்டது. நாலு கதவும் பூட்டிக்கொண்டன. பகல் பதினோரு மணி வெயில்.

"கண்ணா, மறுபடி அமுக்கு! அதை அமுக்குடா!" என்று அவள் கண்ணாடியைத் தட்டினாள். அது சாவியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தது.

மாமியார் ஓடி வந்தார். "ஏம்மா, பீரோவிலே இன்னொரு சாவி இருக்கே!" என்று அவரே மாடிப்படி ஏறி எடுத்து வந்தார். அழுத்தினால் கார் அசையவே இல்லை. கார் வாங்கின நாள் முதலாகப் பீரோவிலேயே தூங்கிய சாவி. பாட்டரி எப்போதோ தீர்ந்திருந்தது. குழந்தையின் சிரிப்பு நின்று, முகம் சிவந்து, அழ ஆரம்பித்தது. தாய் செங்கல் தேட ஆரம்பித்தாள்.

வாட்ச்மேன் பெரியவர்தான், "பொறுங்கம்மா, அதுக்குள்ளே சாவி இருக்கும்" என்று வாங்கி, இரும்புச் சாவியை உருவினார். சாவி வந்தது, துவாரத்தைக் காணோம்! டிரைவர் பக்கத்துக் கைப்பிடி ஓரத்தில், ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் அது மறைந்திருந்தது. (அழகுக்காகவாம்! கார்களை வரைகிறவர்கள் ஒரு நாளாவது வெயிலில் நின்று அதைத் தேடிப் பார்க்கவேண்டும்.) மூடியின் அடியில் உள்ள சிறு இடுக்கில் சாவி முனையைக் கொடுத்து நெம்பினார். கதவு திறந்தது. ஹாரன் அலறிற்று. குழந்தை தாயின் தோளில் இருந்தது. எல்லாமாகப் பன்னிரண்டு நிமிஷம்.

பன்னிரண்டு நிமிஷம் என்ன பெரிது என்று எண்ணாதீர்கள். 2005-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், மூடிய காரை வெயிலில் நிறுத்தி அளந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளே உஷ்ணம் சராசரி 22 டிகிரி சென்டிகிரேட் ஏறிற்று. அதில் ஐந்தில் நாலு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தும் பெரிய வித்தியாசமில்லை. குழந்தையின் உடம்பு பெரியவர்களுடையதைவிட வேகமாகச் சூடேறும். ஆகவே மாற்றுச் சாவி கையெட்டும் தூரத்தில் இல்லையென்றால் 112-க்குப் போன் செய்யுங்கள். குழந்தை துவண்டால் தாமதிக்கவே வேண்டாம், கண்ணாடியை உடையுங்கள். முன் கண்ணாடி வேண்டாம். நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது, சுலபத்தில் வழிவிடாது. குழந்தையிடமிருந்து தள்ளியிருக்கும் பக்கக் கண்ணாடியை, அதன் மூலையில், கூரான கனமான பொருளால் அடிக்கவேண்டும்.

சரி, இனி சாதாரணக் கோளாறுகள். பித்தானை அழுத்தியும் கார் பேசவில்லை. கோளாறு சாவியிலா, காரிலா? வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் முதலில் மாற்றுச் சாவியை அழுத்திப் பாருங்கள். அது வேலை செய்தால் குற்றவாளி முதல் சாவிதான். இரண்டுமே பேசாவிட்டால், இரும்புச் சாவியால் திறந்து, டிரைவர் கதவின் உட்புறத்தில் உள்ள பூட்டு ஸ்விட்சை அழுத்துங்கள். நாலு கதவும் பூட்டிக்கொண்டால் பூட்டுகளும் மோட்டார்களும் சுகம். செய்தி வாங்கும் இடத்தில்தான் பிசகு. உள்ளே விளக்கே எரியவில்லை என்றால் காரின் பெரிய பாட்டரி இறங்கிவிட்டது. சாவியைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

மூன்று கதவு பூட்டி ஒன்று மட்டும் பூட்டவில்லையா? சாவி நிரபராதி. அந்தக் கதவுக்குள் உள்ள குட்டி மோட்டார் தேய்ந்திருக்கலாம். அல்லது கதவுக் கீல் அருகே ரப்பர்க் குழாய்க்குள் போகும் கம்பி, ஆயிரம் தடவை மடங்கி மடங்கி அறுந்திருக்கலாம். மெக்கானிக்கிடம், "சென்ட்ரல் லாக் போச்சு" என்று பொதுவாகச் சொல்லாமல், "பின்பக்கத்து இடது கதவு மட்டும்" என்று சொல்லுங்கள். அவர் உங்களைப் பார்க்கிற பார்வையே மாறும், பில்லும் மாறலாம். கதவுகள் பூட்டுவதுபோல் பூட்டி உடனே திறந்துகொண்டால், எங்கோ ஒரு கதவோ டிக்கியோ சரியாகச் சாத்தவில்லை. இல்லையேல் இன்னொரு சாவி காருக்குள்ளேயே இருக்கிறது.

பாட்டரி தீரும்போது முன்கூட்டியே ஜாடை காட்டும். முப்பது அடியிலிருந்து திறந்தது, மூன்று அடியில் வந்து நின்றால்தான் திறக்கும். மாற்றுவது ஐந்து நிமிஷ வேலை. விளிம்பில் உள்ள பள்ளத்தில் நாணயத்தைக் கொடுத்துத் திருகினால் வில்லை இரண்டாகப் பிரியும். உள்ளே வட்டமான பாட்டரி. அநேகமாக 2032 என்ற எண் இருக்கும். 20 என்பது அகலம், மில்லிமீட்டரில்; 32 என்றால் கனம் 3.2 மில்லிமீட்டர். சில சாவிகளில் வேறு எண் இருக்கும். ஆகையால் பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். கூட்டல் குறி எந்தப் பக்கம் இருந்தது என்று கழற்றும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். புதுப் பாட்டரி போட்டும் பேசாவிட்டால், உள்ளே அதைத் தொடும் தகட்டு நாக்கு அமுங்கிப்போயிருக்கிறதா என்று பார்த்து, மெதுவாகத் தூக்கிவிடுங்கள்.

கழற்றிய பாட்டரியை மேஜைமேல் வைத்துவிட்டுப் பால் பொங்குகிறதென்று ஓடாதீர்கள். குழந்தை விழுங்கி அது உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே புண்ணாக்கிவிடும். தீர்ந்துபோன பாட்டரியும் அப்படித்தான். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும்.

நடு ரோட்டில் பாட்டரி தீர்ந்துவிட்டால்? இரும்புச் சாவியால் கதவைத் திறங்கள். ஹாரன் அலறினால் மிரள வேண்டாம். என்ஜின் கிளம்பியதும் அடங்கிவிடும். பித்தான் ஸ்டார்ட் கார்களில், வில்லையையே ஸ்டார்ட் பித்தானில் ஒட்டினாற்போல் வைத்து அழுத்துங்கள். பாட்டரி இல்லாத அந்த அரிசி மணி அப்போது பேசும். சில கார்களில் வில்லையை வைக்கவென்றே தனி இடம் உண்டு. காரோடு வந்த புஸ்தகத்தில் படம் போட்டிருக்கும்.

இன்னொரு வேடிக்கை. சாவி ஒவ்வொரு தடவையும் ஒரே எண்ணை அனுப்புவதில்லை. திருடன் ஒட்டுக் கேட்டு உபயோகிக்காமலிருக்க, ஒவ்வோர் அழுத்துக்கும் எண் மாறும். காரும் அதே வரிசையில் எண்ணிக்கொண்டு வரும். கார் தூரத்தில் இருக்க, வீட்டில் குழந்தை விளையாட்டாக நூற்றுக்கணக்கில் அழுத்தினால் சாவி எங்கோ போய்விடும். காருக்கு அடையாளம் தெரியாது. சில கார்களில் என்ஜின் சாவியைத் திருப்பி வைத்துக்கொண்டு பூட்டுப் பித்தானை அழுத்தினால் சமாதானமாகிவிடும். சிலவற்றை ஒர்க்ஷாப்புக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு சாவிகளையும் எடுத்துக்கொண்டு காருக்குப் போங்கள். இரும்புச் சாவியை உருவி, துவாரத்தைக் கண்டுபிடித்து, ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். இறுகியிருந்தால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசி பிடித்துக்கொள்ளும். கிராபைட் பொடி போதும். மாற்றுச் சாவிக்கும் புதுப் பாட்டரி போட்டு, அவசரத்துக்கு எடுக்கக்கூடிய இடத்தில் மாட்டுங்கள். தொலைத்து மட்டும் விடாதீர்கள். தெருவோரச் சாவிக்காரர் இரும்பை அறுத்துக் கொடுப்பார், கதவும் திறக்கும். சிப்பைக் காரோடு சேர்த்துப் பதிய வைக்காமல் என்ஜின் கிளம்பாது. கார் களவு போனால் இன்ஷூரன்ஸ்காரர்கள் இரண்டு சாவியையும் கொண்டுவரச் சொல்லுவார்கள்.