பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி) அவர்களுக்கு,

தங்கள் பொறுப்பில் உள்ள தொடக்கப் பள்ளிகளின் பீரோக்களைப் பற்றிய மடல் இது.

மணிச்சட்டம், எண் அட்டைகள், கணிதக் கட்டைகள், காந்தம், லென்ஸ் எனச் சிறு பிள்ளைகள் தொட்டுப் பார்த்துக் கற்பதற்கான பொருள்கள் பள்ளிகளுக்கு வந்திருக்கின்றன. பல இடங்களில் அவை தலைமையாசிரியர் அறை பீரோவில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் பத்திரமாக இருக்கின்றன. அதிகாரிகள் வரும் நாளில் கொலுப் பொம்மைகளைப் போல மேசையில் ஏறுகின்றன. மாலையில் எண்ணிச் சரிபார்த்து மறுபடியும் உள்ளே போய்விடுகின்றன.

ஆசிரியர்கள்மேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. அவர்களுடைய பயம் இருப்புப் பதிவேட்டில் இருக்கிறது. மணிச்சட்டத்தில் இரண்டு மணி உதிர்ந்தால், காந்தம் ஒரு பிள்ளையின் டவுசர் பையோடு வீட்டுக்குப் போய்விட்டால், தணிக்கையில் யார் பதில் சொல்வது? பூட்டி வைத்தவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. எடுத்துக் கொடுத்தவர்தான் விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது. இந்த நிலையில் எந்த ஆசிரியரும் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வார்.

இதனால் பிள்ளைகள் இழப்பது என்ன என்பதற்கு ஒரு கணக்கைச் சொல்கிறோம். 42-இலிருந்து 17-ஐக் கழிக்க வேண்டும். கரும்பலகையில் 'பக்கத்தில் கடன் வாங்கு' என்கிறோம். ஏன் வாங்க வேண்டும், வாங்கிய ஒன்று எப்படிப் பத்தானது என்பது பல பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. அதே பிள்ளையிடம், ரப்பர் பேண்ட் போட்டுப் பத்துப் பத்தாகக் கட்டிய நாலு கட்டுக் குச்சியும் உதிரியாக இரண்டு குச்சியும் கொடுத்து, பதினேழை எடுக்கச் சொல்லிப் பாருங்கள். உதிரி இரண்டை வைத்துக்கொண்டு ஒரு நொடி திகைக்கும். பிறகு தானே ஒரு கட்டைப் பிரிக்கும். பன்னிரண்டு உதிரியில் ஏழு போக ஐந்து, மூன்று கட்டில் ஒன்று போக இரண்டு. இருபத்தைந்து என்று அது சொல்லும்போது அந்த விடை யாரிடமும் மனப்பாடம் செய்து வாங்கியதாக இருக்காது.

எல்லாவற்றுக்கும் அரசுப் பெட்டியை நம்பி இருக்கவும் வேண்டாம். பல்லாங்குழியில் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து புளியங்கொட்டை என்றால் எழுபது. ஐந்தாம் வாய்ப்பாடு பிள்ளையின் விரல்நுனியில் ஓடும். இந்தக் குழியில் எடுத்தால் கடைசிக் கொட்டை எங்கே விழும் என்று யோசிப்பது தொடக்கப் பள்ளிக்குப் போதுமான எண்பயிற்சி. ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த புளியங்கொட்டைகள் தாயக்கட்டைக்கும் ஆகும், கூட்டலுக்கும் ஆகும். ஈராசிரியர் பள்ளிகளுக்கு இது பெரிய உதவி. ஆசிரியர் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் சொல்லும் நேரத்தில், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

இது புதுக் கோரிக்கையும் அல்ல. செயல்பாடுகள் வழியாகவும் தேடிக் கண்டறிந்தும் பிள்ளைகள் கற்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 29, சொல்கிறது. அச்சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுப் பொருள்களைத் தரச் சொல்கிறது. அதற்கும் முன்பே, 2003இல், சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆசிரியர் பாயில் இறங்கி அமர்ந்தார், கரும்பலகை பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்தது. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. சட்டம் உண்டு, திட்டம் உண்டு, பொருளும் உண்டு. மிச்சம் இருப்பது பீரோவின் பூட்டு மட்டுமே. அதைத் திறக்கும் அதிகாரம் தங்களிடம் இருக்கிறது.

முதலாவதாக, ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். கற்றல் பொருள்கள் புழக்கத்தில் தேய்வதும் உடைவதும் இயல்பு; தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரும் கையெழுத்திட்டால் போதும், அதற்காக யாரும் விளக்கம் எழுத வேண்டாம் என்று அதில் இருக்கட்டும். தணிக்கை விதி தடையாக இருந்தால், திருத்தம் கோரித் தங்கள் பரிந்துரையை மேலிடத்துக்கு அனுப்புங்கள்.

இரண்டாவதாக, பள்ளிப் பார்வைக்குச் செல்லும் வட்டாரக் கல்வி அலுவலர்களிடம் ஒன்று சொல்லுங்கள். திருத்திய நோட்டுகளைப் பார்ப்பதோடு நிற்காமல், பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து ஒரு விளையாட்டு முடியும்வரை பார்க்கட்டும். அட்டைகளின் ஓரம் மழுங்கியிருந்தால் அதைப் பாராட்டி எழுதட்டும். பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டே எழுப்பும் சத்தம் ஒழுங்கீனம் ஆகாது என்பதையும் அவர்கள் மூலம் தெரிவியுங்கள்.

மூன்றாவதாக, குறுவள மையக் கூட்டத்தில் பாதி நாளை ஆசிரியர்கள் தாங்களே ஆடிப் பார்க்கவும், தாங்கள் செய்த பொருள்களை ஒருவருக்கொருவர் காட்டவும் ஒதுக்குங்கள். விளையாடியதற்குச் சான்றாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்வதைக் கூடுமானவரை குறையுங்கள். படம் எடுக்கும் கை அந்த நேரத்தில் பிள்ளைகளோடு இருக்கலாம்.

விளையாடிக்கொண்டிருந்தால் பாடம் முடியாது என்ற கவலை தங்களுக்கும் இருக்கலாம், நியாயமான கவலைதான். ஆனால் இரண்டாம் வகுப்பில் கட்டைப் பிரித்துப் பழகாத பிள்ளைக்கு நான்காம் வகுப்பிலும் அதே கழித்தலை முதலிலிருந்து சொல்லித் தர வேண்டியிருக்கிறது. அப்போது செலவாகும் நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்தக் கோரிக்கைகளுக்குப் புதிதாக நிதி தேவையில்லை. தங்கள் கையெழுத்து போதும். அடுத்த பருவம் தொடங்கும் முன் அந்தச் சுற்றறிக்கையை அனுப்பி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.