டி.சி.யில் எழுதப்படும் தண்டனை

ஆசிரியரிடம் அத்துமீறும் மாணவரை நிரந்தரமாக நீக்குவோம், காரணத்தை மாற்றுச் சான்றிதழிலேயே (டி.சி.) குறிப்பிடுவோம் என்று 2022 மே மாதம் சட்டப்பேரவையில் அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி அறிவித்தார். அவமதிக்கப்பட்ட ஆசிரியரின் கோபம் நியாயமானதே. ஆனால், அந்தக் குறிப்பைப் படித்த பிறகு எந்தத் தலைமையாசிரியர் இடம் கொடுப்பார்?

நீக்குவதற்குச் சட்டத்தில் ஒரு தடை உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அந்தக் காப்பு இல்லை. பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டத் துடிக்கும் சில பள்ளிகள், படிப்பில் பின்தங்கிய மாணவரின் பெற்றோரை அழைத்து, ‘நீங்களே டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்’ என்பது இங்கேதான். பதிவேட்டில் அது வெளியேற்றம் அல்ல, பெற்றோரின் விருப்பம்! மாவட்டக் கல்வி அலுவலர் விசாரித்து, வேறு பள்ளியில் இடம் உறுதிசெய்யும்வரை இத்தகைய டி.சி. செல்லாது என்று அரசு ஆணையிட வேண்டும்.