இருபத்தைந்து டிகிரி எந்த ஊரில்?

மின்னணுச் சாமான் எதுவாக இருந்தாலும் அதன் விவரத்தாளை எடுத்துப் பாருங்கள். துல்லியம் இவ்வளவு, நடுக்கம் இவ்வளவு என்று அழகாகப் போட்டிருப்பான். அடியில் பொடி எழுத்தில் ‘25 டிகிரி செல்சியஸில், வழக்கமான மதிப்பு’ என்று இருக்கும். நம் ஊட்டியில் 25 டிகிரி என்பது ஏப்ரல், மே மாதங்களில் சில நாள் மத்தியானம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற விருந்தாளி. ஜனவரி விடியற்காலையில் தலைக்குந்தாவில் புல் மேல் வெள்ளையாக உறைபனி கிடக்கும். அதே நாள் பன்னிரண்டு மணிக்கு ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வோம். சமவெளிக்காரன் ஏ.சி. அறையில் அளந்த எண்ணை நம்பி இந்த மலைக்குச் சாமான் வாங்குகிறவர்களோடு எனக்குப் பல வருஷச் சண்டை. இன்றைக்கு அதை எழுதியே தீர்த்துவிடுகிறேன்.

சண்டை முக்கியமாக ஆசிலேட்டர் பற்றி. வயர்லெஸ் செட், செல்போன் கோபுரம், டி.வி. பெட்டி எல்லாவற்றுக்குள்ளும் ‘ஃபேஸ் லாக்டு லூப்’ என்று ஒரு சுற்று உண்டு. உள்ளே இரண்டு பேர். ஒருவர் படிகக் கடிகாரம். நிதானமானவர், ஆனால் மெதுவாகத் துடிப்பவர். இன்னொருவர் வேகமாகத் துடிக்கும் ஆசிலேட்டர். கொடுக்கிற மின்னழுத்தத்துக்குத் தக்கபடி ஓடும், சுபாவத்தில் சஞ்சலக்காரர். இரண்டு துடிப்பையும் ஒப்பிட்டு, வேகக்காரர் முந்தினால் இழுத்துப் பிடிப்பதும் பிந்தினால் தள்ளிவிடுவதும் சுற்றின் வேலை. அப்படியும் துடிப்பு விழவேண்டிய கணத்துக்குச் சற்று முன்னும் பின்னுமாக விழும். அதுதான் ஜிட்டர். பிரெஞ்சில் இதற்கு ‘ஜீக்’ என்று பெயர். குதித்துக் குதித்து ஆடும் ஒரு பழைய நடனத்தின் பெயரும் அதுவே. இந்தச் சுற்றின் மூலக் கருத்தை 1932இல் ‘லோந்த் எலெக்த்ரிக்’ என்ற பத்திரிகையில் எழுதியவரும் ஆன்றி தெ பெல்லிசீஸ் என்ற பிரெஞ்சுக்காரர்தான். பிரெஞ்சுப் பள்ளியில் அடி வாங்கிப் படித்தவனுக்கு இதில் ஒரு சின்னத் திருப்தி, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆபீஸ் பாஷையில் சொன்னால் புரியும். சூப்பிரண்டு குமாஸ்தாவின் கணக்கை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பார்த்தால், சூப்பிரண்டின் பதற்றமெல்லாம் கணக்கில் ஏறும். மாதத்துக்கு ஒரு தரம் பார்த்தால், குமாஸ்தாவின் தப்பெல்லாம் அப்படியே நிற்கும். நடுவில் ஒரு சரியான இடைவெளி உண்டு. வடிவமைத்தவர் அதை 25 டிகிரியில் கணக்குப் போட்டு வைக்கிறார். குளிரிலும் மின்னழுத்தம் இறங்கும்போதும் ஆசிலேட்டரின் சுபாவம் மாறுகிறது. ஒரே அளவு தள்ளினால் முன்பைவிட அதிகமாகவோ குறைவாகவோ நகர்கிறது. சரியான இடைவெளி சரியில்லாததாகிவிடுகிறது.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. படிகத்தைச் சின்னச் சூட்டுப் பெட்டிக்குள் வைத்து ஒரே வெப்பத்தில் காக்கலாம். ஆசிலேட்டருக்கென்று தனியாகச் சுத்தமான மின்சாரம் கொடுக்கலாம். ஆசிலேட்டரின் சுபாவம் மாறும்போது கூடவே தன்னை மாற்றிக்கொள்ளும் சுற்றை ஜான் மனியாட்டிஸ் 1996இலேயே எழுதிக் காட்டிவிட்டார். மருந்துக்குக் காசு ஆகும், அவ்வளவுதான்.

“இதெல்லாம் முத்தோரை டெலஸ்கோப்காரர்களுக்கு வேண்டிய சமாசாரம், நமக்கென்ன?” என்று ஒரு நண்பர் கேட்டார். சரி, முத்தோரையிலிருந்தே வருவோம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் செயல்பாட்டுக்கு வந்த ரேடியோ டெலஸ்கோப் அது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டியின் அட்சரேகை 11 டிகிரிச் சொச்சம். அதே சரிவுள்ள மலைச் சரிவாகத் தேடிப் பிடித்து, பூமியின் அச்சுக்கு இணையாகப் படுக்க வைத்தார்கள். 1056 இருமுனை ஆன்டெனாக்கள் 326.5 மெகா ஹெர்ட்ஸில் கேட்பதையெல்லாம் ஒன்றாகக் கூட்ட வேண்டும். அந்த அலையின் நீளம் சுமார் 92 சென்டிமீட்டர். கட்டத்தில் 1 டிகிரி பிசகு என்றால் இரண்டரை மில்லிமீட்டர், நேரத்தில் 8.5 பிக்கோ செகண்ட். இப்படிக் கூட்டுகிற எந்த இடத்திலும், ஒவ்வொரு பகுதியும் தன் இஷ்டத்துக்கு 30 டிகிரி, அதாவது கால் நானோ செகண்ட், நடுங்கினால் வருகிற சக்தியில் ஏறக்குறைய கால் பங்கு காணாமல் போகும். எல்லாருக்கும் ஒரே கடிகாரம்தானே, நடுக்கமும் பொதுதானே, கழிந்துவிடாதா என்று கேட்பார்கள். கடிகாரம் ஒன்றுதான். ஆனால் பாதிக் கேபிள் வெயிலிலும் பாதி நிழலிலும் கிடந்து, ஒவ்வொரு முனையிலும் தனிச் சுற்று அதைப் பெருக்கினால், ஒவ்வொன்றும் தனித்தனியாகத்தான் நடுங்கும். மெதுவாக நகர்வதை அளந்து கழித்துவிடலாம். நடுக்கத்தை எப்படிக் கழிப்பது?

இனி ‘நமக்கென்ன’ என்ற கேள்வி. 2009 நவம்பர் மண்சரிவில் இந்த மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். சாலை அறுந்து, கம்பம் சாய்ந்த நாளில் மிஞ்சுவது வயர்லெஸ்தான். அதற்குள்ளும் இதே சுற்றுதான் இருக்கிறது.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மலை உச்சிக்கு ஒரு ரிப்பீட்டர் வாங்கினார்கள். கோப்பு என் மேஜை வழியாகத்தான் போயிற்று. ‘0 முதல் 40 டிகிரி வரை அளந்த சான்று வேண்டும்’ என்று இளம் பொறியாளர் ஒருவர் குறிப்பு வைத்திருந்தார். போட்டியைக் கட்டுப்படுத்தும் நிபந்தனை, ஆடிட் ஆட்சேபம் வரும் என்று மேலே அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள். ஆகக் குறைந்த விலைக்காரன் வந்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க விடிகாலையில் செட் பூட்டு விட்டுவிடும். கம்பெனி ஆள் கீழேயிருந்து பஸ் ஏறி வந்து சேர மணி பதினொன்று ஆகும். வெயில் வந்து செட் ஜோராகப் பேசிக்கொண்டிருக்கும். ‘பழுது ஏதுமில்லை’ என்று கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டு இறங்கிவிடுவார். அந்தச் சான்றுகளைக் கோப்பில் வரிசையாகக் கோத்து வைத்தவன் நான்.

சட்டத்தைக் குறை சொல்லாதீர்கள். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998, வெறுமனே குறைந்த விலையை எடு என்று சொல்லவில்லை. ஆவணத்தில் குறிப்பிட்ட அளவிடக்கூடிய காரணிகளை வைத்து மதிப்பிட்டதில் எது குறைவோ அதை எடு என்கிறது. காரணியை எழுதாமல் விட்டது யார்? விற்பவனுடைய விவரத்தாளையே பார்த்து நிபந்தனை எழுதும் பொறியாளரும், எழுதியதையும் அடிக்கும் அதிகாரியும்தான். பின்பு இருவரும் சேர்ந்து ‘எல்-1 முறை நாட்டைக் கெடுத்தது’ என்று கிளப்பில் பேசுவார்கள்.

எழுத வேண்டியது அதிகமில்லை. ‘வழக்கமான மதிப்பு’ வேண்டாம், உச்ச மதிப்பு வேண்டும். குளிர் முதல் வெயில் வரை, மின்னழுத்தம் ஏறி இறங்கும்போதும் அளந்ததாக இருக்க வேண்டும். எந்த அதிர்வெண் எல்லைக்குள் அளந்தது என்றும் கேட்க வேண்டும். பலரும் 12 கிலோ ஹெர்ட்ஸிலிருந்து 20 மெகா ஹெர்ட்ஸ் வரை என்று போட்டு, அதற்குக் கீழே உள்ள மெதுவான தள்ளாட்டத்தைக் கணக்கிலேயே காட்டுவதில்லை. சோதனைக் கூடம் இல்லையே என்று சொல்பவர்களுக்கு ஒரு யோசனை: ஜனவரியில் செட்டை ராத்திரியே தலைக்குந்தாவில் வெளியே வைத்துவிட்டு, காலை ஐந்து மணிக்கு விற்பவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுப் பாருங்கள். ஜீப் வாடகையும் இரண்டு பிளாஸ்க் டீயும்தான் செலவு.