ஸலாம் சொல்லாமல் நுழையும் விருந்தாளி

சாச்சா டுபாயிலிருந்து கொண்டுவந்த ரொபோ தூசு உறிஞ்சி, வெள்ளவத்தையில் உள்ள எங்கள் தொடர்மாடி வீட்டில் மூன்று மாதமாகச் சுற்றுகிறது. முழங்கால் வலியுள்ள உம்மம்மா இப்போது தும்புத்தடியைத் தொடுவதில்லை. ஆகவே அது வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் அதன் முன்பக்கத்தில் ஒரு கமரா இருக்கிறது. வெளியே ஹிஜாப் அணியும் நாங்கள், வீட்டுக்குள் அதைக் கழற்றிவிட்டுத்தானே இருக்கிறோம்?

2020இல் ஐரோபோட் நிறுவனத்தின் பரிசோதனை ரூம்பாக்கள் வீடுகளுக்குள் எடுத்த படங்கள், அவற்றில் உள்ள பொருட்களை அடையாளமிடும் வேலைக்காக வெனிசுவேலாவில் இருந்த பணியாளர்களிடம் போயின. அங்கிருந்து சில, சமூக ஊடகக் குழுக்களில் பகிரப்பட்டன. கழிவறையில் இருந்த ஒரு பெண்ணின் படமும் அவற்றில் ஒன்று. 2022 டிசம்பரில் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவியூ இதை வெளிக்கொணர்ந்தது. அவை விற்பனைக்கு வந்தவை அல்ல, பாவித்தவர்கள் சம்மதித்தே ஒப்பமிட்டனர் என்றது நிறுவனம். இப்படி யார் யாரோ பார்ப்பதற்குமா அந்தப் பெண் சம்மதித்திருப்பாள்?

அனுமதி பெற்று, ஸலாம் சொன்ன பின்பே பிறர் வீட்டுக்குள் நுழையுமாறு சூரா அந்நூர் (24:27) கற்பிக்கிறது. கமராவின் பார்வையும் ஒரு நுழைவுதான். நம் நாட்டிலும் 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஆனாலும் முதல் காவல் நம் வீட்டு வாசலில்தான்.

பெற்றோரே, கமரா இல்லாமல் லேசரால் வழி அறியும் வகைகளும் உண்டு. வாங்குமுன் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது அறைக் கதவுகளை மூடிய பிறகே வாப்பா அதை இயக்குகிறார். அறைகளைப் பெருக்குவது நான். தும்புத்தடிக்குக் கண் இல்லை.