தடுப்புக்குள் முடியாத சண்டை

தாராவியில் அண்ணன் வீடு. தொண்ணூறடி சாலையிலிருந்து பிரியும் சந்துக்குள் இரும்பு ஏணி ஏறிப் போகவேண்டிய மாடி அறை. போன மழைக்காலத்தில் போயிருந்தபோது, டிவிக்குப் பக்கத்தில் புதிதாக இரண்டடி மீன் தொட்டி ஒன்று இருந்தது. நடுவே துளைகள் போட்ட பிளாஸ்டிக் தடுப்பு. இந்தப் பக்கம் சிவப்பு ஃபைட்டர், அந்தப் பக்கம் நீல ஃபைட்டர்.

"அத்தை, ரெண்டும் எப்படி சிலுத்துக்கிட்டு நிக்குது பாருங்க! தடுப்புப் போட்டுட்டா ஒரே தொட்டியில நாலுகூட வைக்கலாம்னு கடைக்காரர் சொன்னாரு" என்றான் அண்ணன் மகன். பதினொரு வயது. அவன் கண்ணில் இருந்த பெருமையைப் பார்த்தபின் அங்கே எதுவும் சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமல் வந்ததுதான் தப்பு. அதனால் இங்கே சொல்கிறேன்.

'தடுப்புப் போட்டால் சண்டை நின்றுவிடும்' என்பது சிறுவன் ஒருவனின் நம்பிக்கை மட்டுமல்ல. மாட்டுங்காவில் படித்தவர்கள் வீட்டு வரவேற்பறையிலும், செம்பூரில் ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையிலும் இதே தொட்டியைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "ஒன்றையொன்று கடிக்க முடியாதே, அப்புறம் என்ன?" தடுப்பு கடியை நிறுத்துகிறது. உண்மை. ஆனால் சண்டையை அது நிறுத்துவதில்லை, முடியவிடாமல் செய்கிறது. இதைப் புரிந்துகொள்ள, அந்த மீன் தன் ஊரில் எப்படிச் சண்டை போடுகிறது என்று பார்க்க வேண்டும்.

ஃபைட்டர் மீனின் பூர்வீகம் தாய்லாந்தின் வயல்களும் வாய்க்கால்களும் சேறுபட்ட குட்டைகளும். அந்த நாட்டு மொழியில் 'பிளா கட்', அதாவது கடிக்கும் மீன். 2019-இல் தாய்லாந்து அரசு அதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. புல்லும் பாசியும் மண்டிய தண்ணீரில் ஆண் மீன் வாயால் காற்றுக் குமிழிகளை ஊதி நுரைக்கூடு கட்டும். இன்னொரு ஆண் அந்த எல்லைக்குள் வந்தால் செவுள் மூடிகளை விரித்து, துடுப்பையெல்லாம் சிலிர்த்து, தன்னைப் பெரிதாக்கிக் காட்டும். பெரும்பாலும் சில நிமிடங்களில் விஷயம் முடிந்துவிடும். தோற்றது துடுப்பை மடக்கி, நிறம் வெளிறி, புல்லுக்குள் ஓடி ஒளியும். ஜெயித்தது கூட்டுக்குத் திரும்பும். ஓடுவதற்கு இடம் இருப்பதால்தான் அங்கே இரண்டும் பிழைக்கின்றன.

தொட்டியில் ஓட இடம் எங்கே? எதிரி கண்ணெதிரே நிற்கிறான், விரட்ட முடியவில்லை. தோற்றவனுக்குத் தப்பியோட வழியில்லை, ஜெயித்தவனுக்கு ஜெயித்தோம் என்று தெரிவதில்லை. காலையில் விளக்குப் போட்டதிலிருந்து இரவு அணைக்கும் வரை அதே முகம், அதே மிரட்டல். செவுளை விரித்தபடி நிற்பதற்கு உடம்பின் சக்தி செலவாகிறது, மூச்சும் கூடுதலாக வேண்டியிருக்கிறது. விருந்தாளிகள் 'ஆஹா' என்று ரசிக்கும் அந்தச் சிலிர்ப்பு, ஓய்வே இல்லாத ஒரு உயிரின் பதற்றம்.

சண்டைக்காகவே இந்த மீனைப் பல தலைமுறைகளாக வளர்த்துவந்த தாய்லாந்துக்காரர்களைப் பாருங்கள். ஜாடிகளை வரிசையாக அடுக்கியவர்கள் ஒவ்வொரு ஜாடிக்கும் நடுவே ஒரு அட்டையைச் செருகி வைத்தார்கள். பயிற்சி கொடுக்கும்போது மட்டும் அட்டையைக் கொஞ்ச நேரம் எடுத்துவிட்டு, மறுபடியும் செருகினார்கள். எதிரியை ஓயாமல் பார்த்துக்கொண்டிருந்தால் மீன் களைத்துப்போகும் என்பது பந்தயம் கட்டிச் சண்டைக்கு விட்டவர்களுக்கே தெரிந்திருந்தது. நாம் அந்த அட்டையை நாள் முழுக்க எடுத்துவைத்துவிட்டு, அதற்கு மீன் வளர்ப்பு என்று பெயர் சொல்கிறோம்.

'அதற்கு அது பிடித்திருக்கிறது' என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அவர்கள் பேச்சிலும் ஓர் அடிப்படை இருக்கிறது. 1963-இல் டிராவிஸ் தாம்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் நடத்திய சோதனையில், கண்ணாடியில் தன் பிம்பத்தைப் பார்ப்பதற்காகவே இந்த மீன் ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்தது. ஆனால் அந்தச் சோதனையில் பார்ப்பதா வேண்டாமா என்பது மீனின் கையில் இருந்தது, பிம்பம் சற்று நேரத்தில் மறைந்தும் போனது. தடுப்புத் தொட்டியில் அந்தத் தேர்வே கிடையாது. விரும்பிப் பார்ப்பதையும் பார்க்காமலிருக்க வழியில்லாததையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

இந்த நம்பிக்கைக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது: ஃபைட்டருக்குச் சின்ன இடம் போதும். நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கிற மீன், குளம்படிக் குழியில்கூட வாழும் என்பார்கள். காற்றைச் சுவாசிப்பது நிஜம். தலையின் இரண்டு பக்கமும் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு அதற்கு இருக்கிறது. நம் ஊர்க் குளங்களில் இருக்கும் பனையேறிக் கெண்டைக்கும் அதே உறுப்பு உண்டு. இரண்டும் உறவுக்கார மீன்கள். தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனியில் இருந்த டால்டார்ஃப் என்பவர் அந்தக் கெண்டை பனை மரத்தில் ஏறியதைப் பார்த்ததாக எழுதியது, 1797-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அச்சானது. பனையில் ஏறியதை நம்பாதவர்கள் உண்டு. ஆனால் குளம் வற்றும்போது கெண்டை தரையில் ஊர்ந்து அடுத்த தண்ணீரைத் தேடிப் போவதை நெல்லைப் பக்கத்துக் கிழவர்கள் எத்தனையோ பேர் கண்ணால் கண்டிருக்கிறார்கள். கெட்ட காலத்தைத் தாண்டுவதற்காக அமைந்த உறுப்பு அது. கெட்ட தண்ணீரிலேயே ஆயுளைக் கழிக்கலாம் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. மேலும், கழிவிலிருந்து வரும் அம்மோனியா செவுளைச் சுடத்தான் செய்யும். மேலே வந்து காற்றைக் குடிப்பதால் அதிலிருந்து தப்ப முடியாது.

இப்போது கணக்கு. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி விளிம்பு வரை 56 லிட்டர் கொள்ளும். கல்லும் மேல் இடைவெளியும் போக 45 என்று வையுங்கள். கடைக்காரர் சொன்னபடி நாலாகப் பிரித்தால் ஒரு மீனுக்கு 11 லிட்டர், ஆறு அங்குல அகலம். ஒரு ஃபைட்டருக்குக் குறைந்தது 20 லிட்டராவது வேண்டும் என்பதுதான் அக்கறையுள்ள வளர்ப்பாளர்கள் சொல்லும் அளவு. இரண்டாகப் பிரித்தால் லிட்டர் கணக்கு சரியாக வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தண்ணீர் ஒன்றுதானே? ஒன்றுக்குத் துடுப்பு அழுகல் வந்தால் துளை வழியாக மற்றதற்கும் போகும். ஒரு மூலையில் வைத்த ஸ்பாஞ்ச் ஃபில்டர் அந்தப் பக்கத்தைச் சுத்தம் செய்யும், இந்தப் பக்கம் தேங்கிக் கிடக்கும்.

ஒளி ஊடுருவாத தடுப்பு போடலாமே என்பார்கள். கண்ணுக்கு மறைப்பு கிடைக்கும், அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் மீனுக்கு மோப்பம் உண்டு, உடம்பின் பக்கவாட்டில் தண்ணீரின் அசைவை உணரும் வரியும் உண்டு. பக்கத்தில் ஒருவன் இருப்பது அதற்குத் தெரியும். துளையே இல்லாமல் அடைத்து, இரண்டு பக்கமும் தனித்தனி ஃபில்டர் வைத்தால் அது இரண்டு தொட்டி. அப்படியென்றால் இரண்டு தொட்டியாகவே வாங்கிவிடலாமே.

அண்ணனிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். "பத்துக்குப் பத்துல நாங்க ஆறு பேர் இருக்கோம், மீனுக்கு என்னம்மா?" என்றார். அந்தக் கேள்வி என்னைச் சுட்டது, ஏனென்றால் நானும் அந்த அறையில்தான் வளர்ந்தேன். நடுவில் ஒரு புடவையைக் கட்டி இரண்டு குடும்பம் இருந்தோம். ஆனால் அண்ணே, அந்தப் புடவைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் சித்தி. சண்டை வந்தால் நீ சந்துக்கு இறங்கிப் போவாய், கோபம் ஆறியதும் வருவாய். கூட்டமாக வாழப் பழகியவர்கள் நாம், கதவும் இருந்தது. ஃபைட்டர் தனியாக வாழும் மீன், அதற்குக் கதவும் இல்லை. நெருக்கடியில் வாழ்வது என்னவென்று மற்றவர்களைவிட நமக்கு நன்றாகத் தெரியும். அதை இன்னொரு உயிரின் தலையில் கட்டுவதற்கு அது காரணமாகக் கூடாது.

சட்டமும் இதைச் சொல்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் மனிதரைத் தவிர எல்லா உயிர்களையும் 'விலங்கு' என்கிறது, மீனும் அதில் அடக்கம். போதிய நீள அகல உயரம் இல்லாமல், நியாயமாக அசைய இடமில்லாத கலத்தில் அடைத்து வைப்பது 11-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். யாருக்குப் பயம் வரும்?

அண்ணனிடம் போனில் பேசிய மூன்றாவது வாரம் ஒருநாள் காலையில் அண்ணன் மகன் அழுதுகொண்டே கூப்பிட்டான். தடுப்பின் மேல் விளிம்புக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்திருக்கிறது. இரவில் நீலம் எம்பித் தாண்டிச் சிவப்பின் பக்கம் விழுந்துவிட்டது. விடிந்தபோது நீலம் அடியில் கிடந்தது, சிவப்புக்கு வாலில் பாதி இல்லை.

உங்கள் வீட்டில் தடுப்புப் போட்ட தொட்டி இருந்தால், இன்று இரவே ஒரு மீனை எடுத்து, அதே தொட்டித் தண்ணீர் ஊற்றிய இருபது லிட்டர் வாளியில் விடுங்கள். காற்று போக மேலே வலை மூடி போடுங்கள். குழாய்த் தண்ணீர் ஊற்றுவதானால் குளோரின் நீக்கி ஊற்றுங்கள். இன்னொரு தொட்டி வாங்கும் வரை வாளியே போதும். வாங்க வசதியோ இடமோ இல்லையென்றால், நன்றாக வளர்க்கக்கூடிய ஒருவரிடம் அதைக் கொடுத்துவிடுங்கள். கடையில் தடுப்பை எடுத்து நீட்டினால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.