ஃபோம் அடிச்சா வண்டி கல்லாயிடுமா? போங்கய்யா!

மொதல்லயே ஒரு டிஸ்கி. ஃபோம் மேல எனக்கு எந்தப் பகையும் இல்ல. சாகண் எம்ஐடிசியில கார் பாடி வெல்டிங் ஆகுற லைன்ல பதினாலு வருஷமா ஆணி புடுங்குறவன் நான். நான் புடுங்குற ஆணியில பாதி, தகட்டுக்குள்ள என்ன வைக்கணும், எங்க வைக்கக் கூடாதுங்கறதுதான். அதனாலதான் இந்தக் கூத்தைப் பாத்துட்டு சும்மா இருக்க முடியல.

கூத்து என்னன்னா, பிம்ப்ரி, மோஷி, தளேகாவ், சாகண் பக்கம் இருக்கற நம்ம தமிழ்க் குடும்பங்கள்ல இப்ப ஒரு புது வியாதி பரவுது. பத்து வருஷம் ஓடின செகண்ட் ஹேண்ட் காரை வாங்க வேண்டியது. தளேகாவ் - சாகண் ரோட்டுல ஒரு மழைக்காலம் ஓட்ட வேண்டியது. கடகடன்னு சத்தம் வந்ததும் "பாடி லூஸ் ஆயிடுச்சு"ன்னு முடிவு கட்ட வேண்டியது. அப்புறம் ஹார்டுவேர் கடையில ஜன்னல் இடுக்கு, ஏசி பைப் ஓட்டை அடைக்க விக்கிறாங்களே, கேன்ல வர்ற ஃபோம், அதுல ஒரு டஜன் வாங்கி கதவுக்குக் கீழ நீளமா ஓடுற பெட்டிக்குள்ள (மெக்கானிக்குங்க ரன்னிங் போர்டுன்னு சொல்வாங்களே, அது) பீச்சி அடிக்க வேண்டியது. பில்லருக்குள்ளயும் கொஞ்சம். "சேஸி கல்லு மாதிரி ஆயிடும்ணே, அமெரிக்காவுல எல்லாம் செய்றாங்க"ன்னு எங்க லைன்ல வேலை பாக்குற திருநெல்வேலித் தம்பி என்கிட்டயே சொல்றான்.

அமெரிக்காவுல செய்றாங்க, உண்மைதான். பழைய ஜப்பான் காரை ரேஸுக்காக எலும்புக்கூடு வரைக்கும் உரிச்சு, ரெண்டு திரவத்தை எடை போட்டுக் கலந்து, தண்ணி வடியுற ஓட்டையெல்லாம் தனியா மறைச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி செய்றாங்க. அந்த வண்டியில பின்சீட்டு கிடையாது, ஏசி கிடையாது, ஆச்சியும் கிடையாது. நம்மாளு அதுல "ஃபோம்"ங்கற ஒத்தை வார்த்தையை மட்டும் எடுத்துக்கிட்டான்.

சரி, ஃபேக்டரியிலயே ஃபோம் வைக்கிறாங்களே? வைக்கிறாங்க. ரெண்டு வகை. ஒண்ணு சத்தத்துக்கு: பில்லர் குழாய் வழியா ரோட்டு இரைச்சல் மேல ஏறாம நடுவுல அடைக்கிற அடைப்பு. இன்னொண்ணு பலத்துக்கு: எபாக்சியில செஞ்ச கெட்டியான துண்டு. வெல்டிங் நடக்கும்போதே அதைத் தகட்டுக்குள்ள வச்சிடுவாங்க, சுத்தி இடைவெளி விட்டு. ஏன் இடைவெளி? அடுத்து பாடி முழுசா பிரைமர் தொட்டியில முங்கி எழும். அந்தத் திரவம் உள்ள போய் எல்லா மூலையையும் நனைக்கணும். அப்புறம் அடுப்புல 170-180 டிகிரி சூட்டுல அந்தத் துண்டு உப்பி, தகட்டோட ஒட்டிக்கும். துருவுக்குப் பாதுகாப்பு முதல்ல, ஃபோம் பின்னால. இந்த வரிசையை மாத்தினா காரியம் கெட்டுது.

அதுவும் எங்க வைக்கிறாங்க? குழாய் முழுக்க இல்ல. மூங்கிலைப் பாருங்க. உள்ள வெத்து, அங்கங்க கணு. மெல்லிய சுவரு மடங்காம நிக்கறது அந்தக் கணுவாலதான். ஃபேக்டரி வைக்கிறது கணு. நம்மாளு செய்றது மூங்கிலுக்குள்ள பஞ்சு திணிக்கிற வேலை.

பஞ்சுன்னு வாய்க்கு வந்தபடி சொல்லல. ஸ்டீலோட விறைப்பு 210 ஜிகாபாஸ்கல். கடை ஃபோமுக்கு சில மெகாபாஸ்கல். பத்தாயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம் சாமி. எடையில பாத்தா ஸ்டீல் ஒரு கன மீட்டர் 7,850 கிலோ. கேன் ஃபோம் இருபது முப்பது கிலோ. பெட்டி மாதிரி மூடின தகடு முறுக்கத்தைத் தாங்கறதுக்குக் காரணம் அதோட வடிவமும், தகட்டோட தடிமனும், வெல்டும். உள்ள இருக்கற காத்தை எடுத்துட்டு கெட்டியான காத்தை வச்சா அது சேஸி ஆயிடாது.

பலன் இல்லைன்னா "போனா போகுது, காசுதானே"ன்னு விட்டுடலாம். ஆனா கெடுதல் இருக்கே! ஒவ்வொண்ணா சொல்றேன்.

கேன் ஃபோம் இறுகறதுக்கு காத்துல இருக்கற ஈரம் வேணும். மூடின பெட்டிக்குள்ள மொத்தையா அடிச்சா ஓரம் இறுகும், நடுவுல பல நாள் பிசினாவே கிடக்கும். அதைப் பீச்சித் தள்றது பெரும்பாலும் எரியக்கூடிய வாயு: புரொப்பேன், பியூட்டேன் மாதிரி. அது அந்தப் பெட்டிக்குள்ளயே தங்கினா, ஒரு பொறி போதும்.

அடுத்தது தண்ணி. ரன்னிங் போர்டுக்கு அடியில சின்னச் சின்ன ஓட்டை இருக்கும். ஏதோ ஃபேக்டரிக்காரன் மறந்து விட்டதுன்னு நினைக்காதீங்க. உள்ள போற மழைத்தண்ணி வடியத்தான் அது. ஃபோம் அதை அடைச்சிடும். ஜூன்லருந்து செப்டம்பர் வரைக்கும் இங்க பெய்யற மழையில உள்ள போன தண்ணி வெளிய வராது. தகட்டுக்கும் ஃபோமுக்கும் நடுவுல ஈரம் நின்னு, உள்ளருந்து வெளிய துரு பிடிச்சு வரும். வெளிய பெயின்ட்ல கொப்புளம் தெரியும்போது உள்ள தகடு அப்பளம் ஆயிருக்கும். சேஸியை கெட்டியாக்கப் போய் சேஸியையே தின்னுட்ட கதை இது.

அப்புறம் பெல்ட். இதைத்தான் யாரும் யோசிக்கறதில்ல. முன்சீட்டு பெல்ட்டை உள்ள இழுத்துக்கற சுருள் எங்க இருக்கு? நடுப் பில்லருக்குக் கீழ, உள்ள. ரன்னிங் போர்டுல அடிச்ச ஃபோம் மேல உப்பி ஏறினா நேரா அங்கதான் போகும். சுருள் பிசுபிசுன்னு ஒட்டிக்கிச்சுன்னா பெல்ட் வராது, இல்ல திரும்பாது. உயிரைக் காப்பாத்தற ஒரே பொருளை, சத்தம் குறைக்கறேன்னு சொல்லி முடக்கறோம்.

கடைசியா டிங்கர். நாளைக்கு ஒரு சின்ன இடி. டிங்கரிங் கடைக்காரருக்கு உள்ள ஃபோம் இருக்கறதே தெரியாது. வெல்டிங் வைப்பாரு. பாலியூரித்தேன் பத்திக்கிட்டா வர்ற புகை சாதாரணப் புகை இல்ல, விஷம். அந்த ஆளும் யாரோ ஒரு வீட்டுப் புள்ளதானே?

இப்ப மெயின் மேட்டருக்கு வரேன். எனக்குக் கோபமே ஃபோம் மேல இல்ல. "வண்டி கெட்டியா இருந்தா நாம பத்திரம்"ங்கற நினைப்பு மேலதான். கதவைச் சாத்தி "தொம்"முன்னு சத்தம் வருதான்னு பாக்கறது, பானெட்டைத் தட்டிப் பாக்கறது, "இரும்பு மாதிரி வண்டி சார்"ங்கறது. சாகண்லயே இதுக்கு பதில் இருக்கு.

2009ல இங்க திறந்த ஃபோக்ஸ்வேகன் ஆலையில செஞ்ச போலோ காரை 2014 ஜனவரியில குளோபல் என்கேப் மோதிக் காட்டுச்சு. 64 கிலோமீட்டர் வேகம், ஏர்பேக் இல்லாத மாடல். கிடைச்ச ஸ்டார்: பூஜ்யம். கவனிங்க, அந்த வண்டியோட பாடி நொறுங்கல. கூடு உறுதியா நின்னுச்சுன்னு அவங்களே சொன்னாங்க. கூடு நின்னுது, உள்ள உக்காந்த பொம்மை பிழைக்கல! அதே போலோவுல ரெண்டு ஏர்பேக் வச்சு மோதினாங்க, நாலு ஸ்டார். கம்பெனியும் ஏர்பேக் இல்லாத மாடலை விக்கறதை நிறுத்திட்டாங்க. நாலு ஸ்டாரைக் கொண்டு வந்தது இரும்பு இல்ல, ரெண்டு பை.

"பெரிய வண்டின்னா பத்திரம்"னு ஒரு கோஷ்டி இருக்கு. 2016ல ஏர்பேக் இல்லாத ஸ்கார்ப்பியோவை மோதினாங்க. தனி சேஸி மேல நிக்கற கனமான வண்டி. அதுக்கும் பூஜ்யம். 2022ல சாகண்ல செஞ்ச ஸ்கார்ப்பியோ-என் அஞ்சு ஸ்டார் வாங்குச்சு. ரெண்டுக்கும் நடுவுல நடந்தது டிசைன்: எந்தத் தகடு மடங்கணும், எது மடங்கவே கூடாது, பெல்ட் எப்ப இறுகணும், பை எத்தனை மில்லிசெகண்டுல விரியணும்ங்கற கணக்கு. முன்பக்கத்துல இருக்கற நீளப் பெட்டி மடங்கறதுக்குன்னே செஞ்சது. அது மடங்கி அடியை வாங்கிக்கும். அதுக்குள்ளயும் ஒருத்தர் ஃபோம் அடிச்சா, மடங்க வேண்டியது மடங்குற விதமே மாறிடும். அந்தக் கணக்கு போட்ட இன்ஜினியருக்குத் தெரியாம நீங்க கணக்கை மாத்தறீங்க.

இன்னும் புரியலையா? 2022 செப்டம்பர் 4, பால்கர் பக்கம் சாரோட்டி. சைரஸ் மிஸ்திரி இறந்தது பென்ஸ் கார்ல. முன்சீட்டுல இருந்த ரெண்டு பேர் பிழைச்சாங்க. பின்சீட்டுல இருந்த ரெண்டு பேர் போயிட்டாங்க. பின்சீட்டுல பெல்ட் போடலைன்னு போலீஸ் சொல்லுச்சு. அந்த வண்டியோட சேஸியில நீங்க ஃபோம் அடிச்சுத் திருத்த என்ன குறை இருந்துச்சு? 2022ல மட்டும் இந்தியாவுல பெல்ட் போடாம செத்தவங்க 16,715 பேர்னு மத்திய அரசு அறிக்கை சொல்லுது. அதுல 8,331 பேர் ஓட்டினவங்க இல்ல, கூட உக்காந்து வந்தவங்க.

நம்ம வீடுகளைப் பாப்போம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கோலாப்பூர், பெலகாவி, ஹூப்ளி, பெங்களூருன்னு ஆயிரத்துக்கும் மேல கிலோமீட்டர். அஞ்சு பேர் வண்டியில ஏழு பேர். பின்சீட்டு பெல்ட் கொக்கி சீட்டுக்கு அடியில எங்கயோ புதைஞ்சு கிடக்கும். கைக்குழந்தை முன்சீட்டுல அம்மா மடியில. "நான் கெட்டியாப் புடிச்சுக்கறேன்"னு தங்கமணிகள் சொல்வாங்க. 50 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி பத்துல ஒரு நொடியில நின்னா, பத்து கிலோ குழந்தை சராசரியாவே 140 கிலோ மூட்டை மாதிரி முன்னால பாயும். எந்தத் தாயால புடிக்க முடியும்? பாசத்துக்கு இதுல வேலையில்ல, இயற்பியல்தான். 2019ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி 14 வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைக்கு பெல்ட்டோ, குழந்தை இருக்கையோ இல்லைன்னா ஆயிரம் ரூபாய் அபராதம். அபராதத்துக்கு பயந்து வேணாம், பிள்ளைக்காகப் போடுங்க.

கடகட சத்தத்துக்கு என்ன செய்யறதுன்னு கேட்டா: லிங்க் ராடு, புஷ், ஷாக் அப்சார்பர், இன்ஜின் மவுண்டிங், டோர் பீடிங். பத்து வருஷ வண்டியில சத்தம் பெரும்பாலும் இதுலருந்துதான் வருது. நல்ல மெக்கானிக்கைப் புடிச்சு, வண்டியைத் தூக்கி வச்சு, ஒவ்வொண்ணா ஆட்டிப் பாக்கச் சொல்லுங்க. டயருக்கு வயசு என்னன்னு ஓரத்துல இருக்கற நாலு எண்ணைப் பாருங்க: முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். வண்டியை மாத்தறதா இருந்தா, பாரத் என்கேப் 2023 அக்டோபர்லருந்து இருக்கு, ஸ்டாரைப் பாத்து வாங்குங்க. சன்ரூஃபுக்குக் குடுக்கற காசை ஆறு ஏர்பேக்குக்குக் குடுங்க.

"அண்ணே, செஞ்சவங்க எல்லாம் வித்தியாசம் தெரியுதுன்னு சொல்றாங்களே"ன்னு தம்பி மறுபடியும் மடக்கினான். தெரியும்தான். சத்தம் கொஞ்சம் குறையும், மனசுக்குக் கெட்டியாத் தெரியும். கதவு "தொம்"முன்னு சாத்தும். ஆனா லாரி பின்னால மோதற நேரத்துல மனசுக்குத் தெரியறது உதவாது. அவன் இன்னும் ஃபோம் வாங்கல. வாங்கறதுக்கு முன்னாடி அந்தப் பணத்துல அவன் பொண்ணுக்கு ஒரு சைல்டு சீட் வாங்கச் சொல்லியிருக்கேன். ஒன்றரை வயசு அவளுக்கு.

உங்க வீட்டுலயும் யாராவது கேன் வாங்கி வச்சிருந்தா, அதை ஜன்னல் இடுக்குக்கே அடிச்சிடுங்க. மழை உள்ள வராது. அதுக்குத்தான் அதைச் செஞ்சான்.